பாதர்ஸ்ட் 1000: கடையில் விற்ற கார்கள் எங்கே?

1992 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நகரில் கார் பந்தயம் முடிந்து பரிசளிப்பு நடக்கிறது. மேடைக்குக் கீழே நின்ற கூட்டம், வெற்றி பெற்ற இரண்டு ஓட்டுநர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டது. பாராட்டுக் கூச்சல் அல்ல, மேடையை விட்டு இறங்கச் சொல்லும் கூச்சல். மேலே நின்ற ஜிம் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்துக்காரர். அதே மலையில் அதற்கு முன்பே நான்கு முறை ஜெயித்தவர். அமைதியான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அன்று பொறுமை போய்விட்டது. மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை நேரடியாகத் திட்டிவிட்டார். நாடே டிவியில் பார்த்தது.

இத்தனைக்கும் அவர் செய்த குற்றம் என்ன? ஓட்டிய கார் நிஸானாக இருந்தது. அவ்வளவுதான்.

பாதர்ஸ்ட் 1000 என்றால் ஹோல்டனுக்கும் ஃபோர்டுக்கும் நடக்கும் பரம்பரைச் சண்டை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று அப்பா எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம். 2020ல் ஹோல்டன் என்ற பெயரையே கைவிடப் போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தபோது, பந்தயத்தின் உயிரே போய்விட்டது என்று ஒரு பெரிய ஒப்பாரி எழுந்தது. வருத்தம் நியாயமானதுதான். ஆனால் உயிர் போனது 2020ல் அல்ல, அதற்கு ரொம்ப முன்னாலேயே. அதைப் புரிந்துகொள்ள 1960க்குப் போக வேண்டும்.

முதல் பந்தயம் பாதர்ஸ்டில் நடக்கவே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1960 நவம்பரில், விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஃபிலிப் தீவில் நடந்தது அது. பெயர் ஆர்ம்ஸ்ட்ராங் 500. நிலவில் நடந்தவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இவர்கள் ஷாக் அப்சார்பர் செய்கிற கம்பெனிக்காரர்கள். 500 மைல் தூரம், அதாவது சுமார் 805 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் தயாரித்த அல்லது பாகங்களை வரவழைத்து அங்கே பூட்டிய கார்கள்தான் ஓடலாம். கடையில் எப்படி விற்கிறதோ அப்படியே ஓட வேண்டும். ஷாக் அப்சார்பர் கம்பெனி பணம் போட்டதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. சாதாரணக் காரை 500 மைல் விரட்டினால் எது உடையும், எது தாங்கும் என்று வாங்குபவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் யோசனை. அன்று முதலில் வந்தது ஜான் ராக்ஸ்பரோவும் ஃபிராங்க் கோடும் ஓட்டிய வாக்ஸ்ஹால் கிரெஸ்டா. ஹோல்டனும் இல்லை, ஃபோர்டும் இல்லை!

அடுத்த வருஷம் பாப் ஜேனும் ஹாரி ஃபர்த்தும் மெர்சிடிஸ் 220எஸ்இ காரில் வென்றார்கள். 1962ல் அதே இருவர் ஃபோர்டு ஃபால்கனில் வென்றார்கள். அந்தப் பந்தயத்தோடு ஃபிலிப் தீவின் பாதை பெயர்ந்து போய்விட, 1963ல் போட்டி நியூ சவுத் வேல்ஸுக்கு இடம் மாறியது. சிட்னியிலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற பாதர்ஸ்ட் நகரத்தின் மவுன்ட் பனோரமா மலைக்கு.

அந்த மலைப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலை இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்கப் போட்ட சாலை அது. சுற்றுலாப் பயணிகள் மலை மேல் ஏறி ஊரைப் பார்த்துவிட்டு இறங்குவதற்கு என்று சொல்லித்தான் திட்டம் நிறைவேறியது. ஆனால் மேயர் மார்ட்டின் கிரிஃபின் மனசில் வேறு கணக்கு இருந்தது. 1938 மார்ச்சில் சாலை திறந்தது, அடுத்த மாதமே ஈஸ்டருக்கு அங்கே பந்தயம் நடந்தது. எவ்வளவு வேகமான சுற்றுலா!

இன்றைக்கும் அது பொதுச் சாலைதான். பந்தயம் இல்லாத நாட்களில் யார் வேண்டுமானாலும் காரை எடுத்துக்கொண்டு போகலாம், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் போலீஸ் பிடிக்கும். சாலையோரம் வீடுகள் இருக்கின்றன, ஜனங்கள் வசிக்கிறார்கள். ஒரு சுற்று 6.213 கிலோமீட்டர். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே 174 மீட்டர் உயர வித்தியாசம். ஏறும்போது இன்ஜின் திணறும், இறங்கும்போது பிரேக் திணறும். உச்சியில் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவே குறுகலான வளைவுகள். அதைத் தாண்டி இறங்கினால் கான்ராட் நேர்சாலை. ஒரு பந்தயக் காரின் இன்ஜினில் கனெக்டிங் ராடு உடைந்ததால் அந்த இடத்துக்கு வந்த பெயர் அது. காரில் எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து உடைக்கிற மலை. வாங்குபவர்களுக்குக் காரைச் சோதித்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. (அந்த மண்ணின் பூர்வகுடிகளான விராஜுரி மக்கள் மலையை வாலூ என்று அழைத்தார்கள். 2015ல் அந்தப் பெயரும் அதிகாரப்பூர்வமாகச் சேர்க்கப்பட்டது.)

1963ல் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. கார்களை இன்ஜின் அளவை வைத்துப் பிரிக்காமல் கடை விலையை வைத்துப் பிரித்தார்கள். இத்தனை பவுண்டுக்குக் கீழே ஒரு வகுப்பு, அதற்கு மேல் இன்னொரு வகுப்பு. இதில் இருக்கிற அழகைக் கவனிக்க வேண்டும். கையில் இருக்கிற காசுக்கு எந்தக் கார் நல்ல கார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் குடும்பஸ்தனுக்காகவே போட்ட விதி அது. அவனுக்கு வேண்டிய பதிலைப் பந்தயம் நேராகச் சொன்னது. 1963ல் வந்த பதில் ஃபோர்டு கார்ட்டினா. 1966ல் வந்த பதில் மினி கூப்பர் எஸ். அந்த வருஷம் முதல் ஒன்பது இடங்களும் மினிக்கே! முதலில் வந்த காரை ஓட்டியவர்கள் ஃபின்லாந்தின் ரௌனோ ஆல்டோனெனும் ஆஸ்திரேலியாவின் பாப் ஹோல்டனும் (இவர் பெயரில் மட்டும்தான் ஹோல்டன்). வாக்ஸ்ஹால், மெர்சிடிஸ், கார்ட்டினா, மினி என்று நீளும் இந்தப் பட்டியலில் ஹோல்டன்-ஃபோர்டு சண்டை எங்கே இருக்கிறது? இருக்க வழியே இல்லை. ஹோல்டன் கார் முதன்முதலில் முழுப் பந்தயத்தையும் ஜெயித்ததே 1968ல்தான், மொனாரோ காரில்.

சண்டை சூடு பிடித்தது 1967க்குப் பிறகு. அந்த வருஷம் வி8 இன்ஜின் போட்ட ஃபால்கன் ஜிடி ஜெயித்தது. ஓட்டியவர்கள் ஹாரி ஃபர்த்தும் ஃபிரெட் கிப்சனும். (கிப்சன் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.) ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கிற கார் திங்கட்கிழமை விற்கும் என்று இரண்டு கம்பெனிகளும் கண்டுகொண்டன. அதன் பிறகு கடையில் விற்கும் கார் பந்தயத்துக்குப் போவது தலைகீழாகி, பந்தயத்துக்குச் செய்த கார் கடைக்கு வர ஆரம்பித்தது. அதன் உச்சம் 1971ல் வந்த ஃபால்கன் ஜிடி-எச்ஓ மூன்றாம் பதிப்பு. நான்கு கதவு, பின்னால் குழந்தைகள் உட்கார நல்ல சீட், டிக்கி. ஆனால் பெட்ரோல் டாங்க் மட்டும் 160 லிட்டருக்கு மேல்! பெட்ரோல் போட அடிக்கடி நிற்காமல் ஓட வேண்டுமே, அதற்காக. அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமான நான்கு கதவுக் கார்களில் ஒன்று. சுமார் 300 கார்களே செய்தார்கள். 1970, 1971 இரண்டு வருஷமும் ஆலன் மொஃபாட் ஜிடி-எச்ஓ காரில் தனி ஆளாக 500 மைலையும் ஓட்டி ஜெயித்தார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் கார்தான் ஓட வேண்டும் என்ற விதி ஏதோ பரிசுத்தமான விதி ஒன்றும் இல்லை. அந்த விதியால்தான் இப்படிப்பட்ட ராட்சசக் கார்கள் பொதுச் சாலைக்கு வந்தன. 1972 ஜூனில் ஒரு சிட்னி பத்திரிகை, மணிக்கு 160 மைல் போகக்கூடிய கார்கள் விற்பனைக்கு வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் போட்டது. அரசியல்வாதிகள் குதித்தார்கள். கம்பெனிகள் பயந்துபோய், தயாராகிக்கொண்டிருந்த கார்களை எல்லாம் கைவிட்டன. பயம் அநாவசியம் என்று இப்போது சொல்லிவிடலாம். ஆனால் ஓட்டப் பழகாத இளைஞன் கையில் அந்த ஃபால்கன் கிடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மந்திரி கவலைப்பட்டதைக் கேலி செய்ய முடியாது.

அந்த 1972 பந்தயம்தான் பழைய விதியின் கடைசிப் பந்தயம். மழை கொட்டியது. பெரிய வி8 ஃபால்கன்கள் வழுக்கித் திணறிக்கொண்டிருந்தபோது, ஆறு சிலிண்டர் டொரானாவில் ஓர் இளைஞர் தனியாக ஓட்டி ஜெயித்தார். பெயர் பீட்டர் பிராக். சின்ன கார் பெரிய காரை அடிக்க முடியும் என்று காட்டிய கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

1973லிருந்து தூரம் 1000 கிலோமீட்டர் ஆனது. தனியாக ஓட்டுவதற்கும் தடை வந்தது. அதைவிட முக்கியமாக, பந்தயக் காரில் செய்கிற மாற்றங்கள் கடையில் விற்கும் காரில் இருக்க வேண்டியதில்லை என்றானது. சாலையில் போகிற ஜனங்களுக்கு அது பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் வாங்குபவருக்கும் பந்தயத்துக்கும் இருந்த தொப்புள்கொடி அன்றுதான் முதன்முறையாக அறுந்தது. அதற்குப் பதிலாக வேறொரு உறவு வந்தது, அதுதான் கட்சி.

கட்சிக்குத் தலைவர்கள் வேண்டுமே. அவர்களும் கிடைத்தார்கள். ஹோல்டன் பக்கம் பிராக். மொத்தம் ஒன்பது முறை ஜெயித்தார். 1979ல் அவரும் ஜிம் ரிச்சர்ட்ஸும் ஆறு சுற்று வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அதுவும் போதாதென்று கடைசிச் சுற்றில் சாதனை வேகத்தில் ஓட்டிக் காட்டினார் பிராக். ஜெயித்தாகிவிட்டது, மெதுவாக வந்து சேர்ந்தால் போதும் என்ற நிலையில் அப்படிச் செய்ய ஒரு கொழுப்பு வேண்டும். ஜனங்களுக்கு அந்தக் கொழுப்பு பிடித்திருந்தது. ஃபோர்டு பக்கம் டிக் ஜான்சன். 1980ல் சொந்தக் காசையெல்லாம் போட்டு ஒரு ஃபால்கனைத் தயார் செய்து, முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். சாலையில் கிடந்த ஒரு பாறாங்கல்லில் மோதிக் கார் நொறுங்கிப் போனது. டிவியில் அவர் கண்ணீர் மல்கப் பேசியதைப் பார்த்த ஜனங்கள் டெலிபோன் செய்து பணம் தருவதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜனங்கள் தந்த தொகைக்குச் சமமாக ஃபோர்டு கம்பெனியும் தந்தது. அந்தப் பணத்தில் கட்டிய காரில் மறு வருஷமே ஜான்சனும் ஜான் ஃபிரெஞ்சும் ஜெயித்தார்கள். சினிமாவில் எடுத்தால் நம்ப மாட்டார்கள்.

இதையெல்லாம் குறை சொல்வதற்கில்லை. ஒரு பந்தயத்தின் மீது ஒரு தேசத்துக்கே இவ்வளவு பாசம் வருவது லேசில் நடக்காது. ஆனால் பாசத்துக்குக் கண் தெரியாது என்பதும் உண்மைதானே.

1985ல் உலகம் முழுவதும் நடப்பில் இருந்த 'குரூப் ஏ' விதிக்கு ஆஸ்திரேலியா மாறியது. உள்ளூர்க் கார், வெளியூர்க் கார் எல்லாம் ஒரே விதியில் வந்தன. குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்து விற்ற கார்தான் அடிப்படையாக இருக்க வேண்டும். பழைய தொப்புள்கொடியில் ஒரு இழையாவது திரும்பி வந்தது என்று சொல்லலாம். முதல் வருஷமே ஜாகுவார் ஜெயித்தது. 1987ல் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றாகவே பாதர்ஸ்ட் நடந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபோர்டு சியரா கார்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. பிறகு சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டை விதிக்குப் புறம்பாக மாற்றியிருக்கிறார்கள் என்று தகுதி நீக்கம். மூன்றாவதாக வந்த பிராக் அணிக்கு வெற்றி. அவருடைய ஒன்பதாவது வெற்றி இப்படித்தான் வந்தது.

அப்போது பிராக் ஹோல்டன் கம்பெனியோடு சண்டை போட்டுப் பிரிந்திருந்தார் என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. மறு வருஷம் அவர் ஓட்டியது பிஎம்டபிள்யூ. 1989, 1990 இரண்டு வருஷமும் ஓட்டியது ஃபோர்டு சியரா! தலைவரே கட்சி மாறிப் போய் வந்திருக்கிறார், தொண்டர்கள்தான் இன்னும் கொடியை இறக்கவில்லை.

அந்த சியரா ஐரோப்பாவில் பிறந்த டர்போ கார். ஆஸ்திரேலியாவில் அதை விற்கவே இல்லை. ஆனால் 1989ல் டிக் ஜான்சனும் ஜான் போவும் அதில் ஜெயித்தபோது நீலக் கட்சி விசில் அடித்தது. மூக்கில் ஃபோர்டு முத்திரை இருக்கிறதே! 1991ல் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை, இரண்டு டர்போ. ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் ஜெயித்தார்கள். 1000 கிலோமீட்டரை அவர்கள் முடித்த நேரத்தை 2010 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அந்த நிஸான் அணியை நடத்தியவர் யார்? 1967ல் ஃபால்கனில் ஜெயித்த அதே ஃபிரெட் கிப்சன். பந்தயக் கார்களை அவரது ஆட்கள் மெல்போர்னில் தயார் செய்தார்கள். ஓட்டிய ஸ்கைஃப் ஆஸ்திரேலியர். ரிச்சர்ட்ஸ், பிராக்கோடு சேர்ந்து ஹோல்டனுக்கு மூன்று வெற்றி வாங்கிக் கொடுத்தவர். கட்சிக்காரர்கள் மொழியில் சொன்னால் இதைவிட 'நம்ம ஆட்கள்' இருக்க முடியாது. ஆனாலும் ஸ்கைலைன் அந்நியன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இப்போது அந்த 1992 மேடைக்குத் திரும்பலாம். ஜிடி-ஆரின் வேகத்தைக் கட்டுப்படுத்த அந்த வருஷம் கூடுதல் எடை ஏற்றி, டர்போ அழுத்தத்துக்கும் வரம்பு வைத்திருந்தார்கள். அப்படியும் அது முன்னால்தான் ஓடியது. பந்தயத்தின் நடுவே டென்னி ஹல்ம் தன் பிஎம்டபிள்யூவை கான்ராட் நேர்சாலையின் ஓரமாக நிறுத்தினார். 1967ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனாக இருந்த நியூசிலாந்துக்காரர், வயது 56. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. காப்பாற்ற முடியவில்லை. பிற்பகலில் பேய்மழை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிப் போய் மோதின, ரிச்சர்ட்ஸின் ஜிடி-ஆரும் சேர்த்துத்தான். 161 சுற்று ஓட வேண்டிய பந்தயம் நிறுத்தப்பட்டது. விதிப்படி முந்தைய சுற்றின் நிலவரத்தை வைத்து வெற்றி ஜிடி-ஆருக்கு. நொறுங்கிய கார் சாலையோரம் நிற்கிறது, அதன் ஓட்டுநர்கள் மேடையில் நிற்கிறார்கள், ஓடிக்கொண்டிருந்த சியராவின் ஜான்சனுக்கு இரண்டாம் இடம். கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை.

ரிச்சர்ட்ஸ் மேடை ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் தன் நண்பர் ஹல்ம் இறந்த செய்தியைக் கேட்டிருந்தார். அந்த மனிதரைப் பார்த்துத்தான் கூச்சல். அவர் பேசிய வார்த்தை தவறா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதிக்க வேண்டியது கீழே நின்றவர்கள் போட்ட கூச்சலைப் பற்றி.

அந்தக் கூச்சலால்தான் விதி மாறியது என்று சிலர் சொல்வது தப்பு. 1993 முதல் ஐந்து லிட்டர் வி8 இன்ஜின் போட்ட கொமொடோரும் ஃபால்கனும்தான் முன்வரிசைக் கார்கள் என்று முன்பே அறிவித்தாகிவிட்டது. டர்போ கார்களுக்கு இடமில்லை. செலவு ஏறிக்கொண்டே போனது, போட்டியாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள் என்று அமைப்பாளர்கள் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. ஆனால் செலவைக் குறைக்க ஆயிரம் வழி இருக்கிறது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு இரண்டு பேரை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது அவற்றில் மிகச் சுலபமான வழி. கூட்டத்துக்குப் பிடித்த வழியும் அதுதான். அதுவரை எந்தக் கார் நல்ல கார் என்று கேட்டுக்கொண்டிருந்த பந்தயம், நீ எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்க ஆரம்பித்தது.

1997, 1998ல் ஒரு வேடிக்கை. டிவி ஒளிபரப்பு உரிமைத் தகராறில் பந்தயமே இரண்டாக உடைந்தது. இரண்டு லிட்டர் 'சூப்பர் டூரிங்' கார்களுக்கு ஒன்று, வி8 கார்களுக்கு ஒன்று. இரண்டும் 1000 கிலோமீட்டர், இரண்டும் அதே மலை. 1998ல் சூப்பர் டூரிங் பந்தயத்தை வால்வோ காரில் ஜெயித்தவர்களில் ஒருவர் நம் ஜிம் ரிச்சர்ட்ஸ். அடுத்த மாதம் வி8 பந்தயத்தை ஃபோர்டில் ஜெயித்தவர்களில் ஒருவர் அவருடைய மகன் ஸ்டீவன்! அப்பாவுக்கு ஒரு பாதர்ஸ்ட், பிள்ளைக்கு ஒரு பாதர்ஸ்ட். பல நாட்டுக் கார்கள் ஓடியது அப்பாவின் பந்தயத்தில், கூட்டம் போனது பிள்ளையின் பந்தயத்துக்கு. சீக்கிரமே சூப்பர் டூரிங் மூட்டை கட்டிக்கொண்டு போனது.

வி8 காலத்தில் பிரமாதமான பந்தயங்கள் நடந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. 1995ல் லாரி பெர்கின்ஸும் ரஸல் இங்காலும் முதல் சுற்றுகளிலேயே கடைசி இடத்துக்குப் போய், அங்கிருந்து வந்து ஜெயித்தார்கள். 2006 செப்டம்பரில் பிராக் வேறொரு போட்டியில் மரத்தில் மோதி இறந்தார். அடுத்த மாதம் நடந்த பாதர்ஸ்டில் அவர் பெயரில் கோப்பை வைத்தார்கள். அதை முதலில் வாங்கியவர் அவருடைய சீடர் கிரெய்க் லவுண்ட்ஸ், ஜேமி வின்கப்போடு சேர்ந்து. சீடர் அன்று ஓட்டியது ஃபோர்டு ஃபால்கன். ஹோல்டன்காரர்களும் அன்று அழுதுகொண்டே கை தட்டினார்கள். கட்சிக்கு மேலே ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்த நாள்.

கதவைத் திறந்து பார்க்காமலும் இல்லை. 2013ல் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி அடிச்சட்டம் என்று விதி வந்து, நிஸானும் மெர்சிடிஸும் உள்ளே வந்தன, மறு வருஷம் வால்வோ. 2019 முடிவதற்குள் மூன்றும் போய்விட்டன. ஒருவரும் பாதர்ஸ்டில் ஜெயிக்கவில்லை. எப்படி நிற்பார்கள்? உள்ளே இருக்கிற சட்டம் பொது, மேலே மாட்டுகிற கூடு மட்டும்தான் அவர்களுடையது. தங்கள் காரின் சிறப்பு என்று காட்ட அங்கே அதிகம் எதுவும் மிச்சமில்லை.

இந்தப் பக்கம் கடையில் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் ஃபோர்டு ஆஸ்திரேலியத் தொழிற்சாலையை மூடியது. 2017 அக்டோபரில் ஹோல்டனும் மூடியது. 2018ல் பந்தயத்தில் ஓடிய கொமொடோர் பின்சக்கர இழுவை கொண்ட வி8. அதே பெயரில் கடையில் நின்றது ஜெர்மனியில் செய்து இறக்குமதியான கார். அதில் வி8 இன்ஜினே கிடையாது, பின்சக்கரத்துக்கு மட்டும் இழுவை என்பதும் கிடையாது. பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே பலகாரம் வேறு. 2022ல் ஹோல்டன் கடைசி முறையாக ஓடி ஜெயித்தும் விட்டது. 2023ல் அதன் இடத்துக்கு ஷெவ்ரலே கமாரோ வந்தது. அமெரிக்காவில் அந்தக் காரின் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றுபோனது. 2024 அக்டோபரில் பாதர்ஸ்டில் ஜெயித்தது எது? கமாரோ! அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த காரைத் திங்கட்கிழமை உலகத்தின் எந்தத் தொழிற்சாலையிலும் செய்துகொண்டிருக்கவில்லை. 1963ல் கடை விலையை வைத்து வகுப்புப் பிரித்த பந்தயம் வந்து நிற்கிற இடம் இது.

ஆனால் அந்தப் பழைய பந்தயம் செத்துப்போகவில்லை என்பதுதான் விசேஷம். 2016லிருந்து ஈஸ்டர் வார இறுதியில் அதே மலையில் 'பாதர்ஸ்ட் 6 மணி நேரம்' என்று ஒரு போட்டி நடக்கிறது. கடையில் விற்ற கார்களுக்கான போட்டி. பாதுகாப்புக்கான கம்பிக் கூண்டு போன்ற சில மாற்றங்களுக்குத்தான் அனுமதி. வேகமான பிஎம்டபிள்யூவும் ஓடும், சின்ன காரும் ஓடும், அவரவர் வகுப்பில் அவரவர் போட்டி. அக்டோபர் பந்தயத்துக்கு வருகிற கூட்டத்தையும் விளம்பரத்தையும் பார்த்தால் இது ஓரமாக நிற்கும் ஏழைச் சொந்தக்காரன் மாதிரிதான் தெரியும்.

அக்டோபர் பந்தயத்தை நிறுத்தச் சொல்வதில் அர்த்தம் இல்லை, அது நல்ல விளையாட்டு, நடக்கட்டும். கேள்வி, வாரிசு யார் என்பதுதான். பாதர்ஸ்ட் 1000ன் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் 1960ல் ஃபிலிப் தீவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தப் பந்தயம் வேறு மாநிலத்தில், வேறு பாதையில், வேறு பெயரில், வேறு தூரத்துக்கு நடந்தது. அதைப் பாதர்ஸ்டோடு இணைப்பது ஒரே ஒரு விஷயம்தான், கடையில் விற்கிற காரை எடுத்து வந்து நாள் முழுக்க ஓட்டு என்ற அந்த விதி. இடமும் பெயரும் தூரமும் மாறினாலும் விதியை வைத்து ஃபிலிப் தீவைப் பாட்டன் என்று ஏற்றுக்கொள்ள முடிந்தால், அதே விதியோடு அதே மலையில் ஈஸ்டருக்கு ஓடுகிற கார்களை அந்தப் பாட்டனின் பேரன் என்று ஏற்றுக்கொள்ளவும் முடிய வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங் 500ல் தொடங்கும் பட்டியலில் அவர்கள் பெயரை எங்கே எழுதுவது என்பதை அமைப்பாளர்கள்தான் யோசிக்க வேண்டும்.